கை முடியும்வரை ஸ்டேஷன் வரக்கூடாது

அரக்கோணத்திலிருந்து காலை ஆறு நாற்பதுக்குக் கிளம்பும் பாசஞ்சர் வண்டியின் நாலாவது பெட்டியில், சீசன் டிக்கெட்காரர்கள் முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்து, தொடைமேல் ஒரு நீலத் துண்டை விரித்து, அதன் நாலு முனையையும் நாலு பேர் தொடைக்கடியில் அழுத்திக்கொண்டு, ஊர் வருவதும் போவதும் தெரியாமல் சீட்டாடிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு மாசி மாதத் திங்கட்கிழமை, திருநின்றவூரைத் தாண்டிய வண்டிக்கு ஆவடி வரவில்லை. வராததற்குக் காரணம் தணிகாசலம் எழுதிய ஏழாவது விதி. இதில் அந்தப் பெட்டியில் யாருக்கும் இன்றுவரை சந்தேகம் கிடையாது.

தணிகாசலம் ஓர் அரசு அலுவலகத்தில் கட்டட வரைபடம் போடுகிறவர். ஐம்பத்தேழு வயது. வீட்டில் துணிக்கொடி கட்டினால்கூட இரண்டு பக்கமும் மட்டம் பார்க்காமல் முடிச்சுப் போடமாட்டார். அப்படிப்பட்ட மனிதரிடம் ஒரு பெட்டி நிறையச் சீட்டாடிகளைக் கொடுத்தால் சும்மா இருப்பாரா? வருஷாவருஷம் தை பிறந்ததும் பதினாறு ஜோடிகளின் பெயர் வாங்கி, யாரோடு யார் மோதுவது என்று குலுக்கிப் போட்டு, அதை டிரேசிங் தாளில் கறுப்பு மையால் கிளை கிளையாக வரைந்து, லக்கேஜ் பலகைக்குக் கீழே ஒட்டிவிடுவார். ஆட்டம் முந்நூற்று நாலு. அதில் ஜாக்கிக்கு முப்பது புள்ளி, ஒன்பதுக்கு இருபது, ராஜாவுக்கு வெறும் மூன்று. ராஜாவை இந்த அளவுக்கு மட்டம் தட்டுகிற ஆட்டம் வேறு இல்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். பந்தயம் கட்டினால் பெயரை அடித்துவிடுவார் தணிகாசலம். பரிசு ஒரு நாலடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர். அதற்குத்தான் மூன்று மாதம் அடித்துக்கொள்வார்கள்.

கல்யாணத்தில் பந்தி நடத்தியவர்களுக்கு ஓரளவு புரியும், இந்த வேலையின் கஷ்டம். ஒருவர் திருவள்ளூரில்தான் ஏறுவார். அவர் கூட்டாளிக்கு வாரத்தில் இரண்டு நாள் இரவு ஷிஃப்ட். ஒருவருக்குச் செவ்வாய்க்கிழமை சீட்டைத் தொடமாட்டேன் என்று வேண்டுதல். எல்லாரையும் ஒத்துப்போக வைத்து, ஆவடிக்குள் ஆட்டத்தை முடித்தாக வேண்டும், ஏனென்றால் பாதிப்பேர் ஆவடியில் இறங்குகிறவர்கள். இதில்தான் ஜானகிராமன் வில்லங்கம் பண்ணினார். பாங்கில் வேலை பார்க்கிற, பார்வைக்குச் சாதுவான மனிதர். ஆனால் ஒருமுறை போட்ட ஆட்டம், சீட்டாடிகள் பாஷையில் கை, தோற்கிறது என்று தெரிந்துவிட்டால் ஒரு சீட்டை எடுப்பார், முகர்ந்து பார்க்கிற மாதிரி பக்கத்தில் வைத்துப் பார்ப்பார், திரும்பச் செருகுவார், மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார், அதற்குள் ஆவடி வந்துவிடும். "ஸ்டேஷன் வந்துடுச்சு, இந்தக் கை செல்லாது" என்று சீட்டை வீசிவிட்டு இறங்கிப் போய்விடுவார். போன வருஷம் அரையிறுதியே அப்படித்தான் நாறிப்போனது.

அதனால் இந்த வருஷம் விதிகளை எழுதும்போது தணிகாசலத்துக்கு இருந்த ஆத்திரத்தில், ஆட்டக்காரர் இறங்கக்கூடாது, சீட்டை வீசக்கூடாது என்றெல்லாம் எழுதாமல், ஒரே போடாக, ஏழாவது விதியாக, "போட்ட கை முடியும்வரை ஸ்டேஷன் வரக்கூடாது" என்று எழுதினார். எழுதி, சீசன் டிக்கெட்காரர்கள் சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்பைக் குத்திச் சுவரில் ஒட்டினார். முப்பத்திரண்டு பேரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். ஜானகிராமன்கூடப் போட்டார்.

அந்தத் திங்கட்கிழமை ஜானகிராமன் தோற்கிற கையோடு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், ஆவடி வரவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே யாரும் பார்த்திராத ஓர் ஏரி வந்தது. ஏரிக்குப் பின்னால் ஒரு செங்கல் சூளை, அதற்குப் பின்னால் வெள்ளரிக் கொல்லை, கொல்லைக்கு நடுவே வண்டியைப் பார்த்துக் கையாட்டும் ஒரு பொம்பளை, அப்புறம் திரும்பவும் ஏரி. எல்லார் கைக்கடிகாரத்திலும் மணி ஏழு இருபத்தாறு. கடைசியில் வேறு வழியில்லாமல் ஜானகிராமன் சீட்டைப் போட்டுத் தோற்றார். பிரேக் சத்தம் கேட்டது. ஆவடி பிளாட்பாரக் கடிகாரத்தில் மணி ஏழு முப்பத்தொன்று, வண்டி சரியான நேரத்துக்கு வந்திருந்தது. பக்கத்துப் பெட்டிக்காரர்களுக்கு எதுவும் தெரியவில்லை.

"இன்னா சார் இது, புதுசா லைன் போட்டுட்டாங்களா?" என்று சுண்டல் விற்கிறவர் கேட்டார்.

"ரூல் போட்டிருக்கு பாருங்க" என்று தணிகாசலத்தின் கூட்டாளி அருளப்பன் சுவரைக் காட்டினார். சுண்டல்காரர் படித்துவிட்டு, சரிதான் என்று தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

நம் மக்களுக்கு அதிசயம் பழகுவதற்கு ஒரு வாரம் போதும். அந்த ஒரு வாரத்தில், அதுவரை சீட்டாடிகளைத் தண்டச்சோறு என்று வைதுகொண்டிருந்த பெட்டி, அவர்களுக்கு ஜன்னலோர சீட்டை ஒழித்துக்கொடுத்தது. அதுவரை அவசர அவசரமாகப் பாதி வெண்டைக்காயை நறுக்கி மீதியைப் பையில் திணித்த பெண்கள், வெங்காயம் உரித்து, கீரை ஆய்ந்து, மறுநாள் குழம்புக்கும் சேர்த்து நறுக்கி முடித்துவிட்டு, ஒருவருக்கொருவர் பேன் பார்த்தார்கள். அரசுத் தேர்வுக்குப் படிக்கிற ஒரு பெண், ஒரே கை ஆட்டம் முடிவதற்குள் இந்திய வரலாறு முழுவதையும் படித்துமுடித்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ் எஸ்தர், இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குத் தயார் பண்ணிவிட்டு ஓடிவருகிறவள், ஏறியதும் தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்து, "மெதுவா யோசிச்சு ஆடுங்கண்ணா, நான் எந்திரிக்கிற வரைக்கும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடுவாள். யோசித்து ஆடுவதற்காக ஜானகிராமனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். அந்த மனிதர் வாழ்க்கையில் அவ்வளவு மரியாதையைப் பார்த்ததில்லை.

எந்த இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் ஆடினாலும் வந்தது அதே நிலம்தான். ஏரி வந்தால் வண்டி மாட்டுவண்டி வேகத்துக்கு இறங்கும். வெள்ளரிக் கொல்லைப் பெண்கள் கூடையோடு கூடவே நடந்து ஜன்னல் வழியாகப் பிஞ்சு நீட்டுவார்கள். காசை வாங்கமாட்டார்கள், படித்துமுடித்த செய்தித்தாளைக் கேட்பார்கள். நேற்றையதானாலும் சரி என்பார்கள். அவர்கள் ஊரில் எப்போதும் ஏழரை மணி வெயில். அவர்களுக்கு நேற்று என்பது கேள்விப்பட்ட சமாச்சாரம் மட்டும்தான். பெட்டிக்காரர்கள் வீட்டுக்கு ஒரு பேப்பர் கூடுதலாக வாங்கத் தொடங்கினார்கள்.

ஆனால் எதுவும் சும்மா வருவதில்லை என்பதை முதலில் காட்டிக்கொடுத்தது இட்லி. காலையில் கட்டிக்கொண்டு வந்த இட்லி, வண்டி சென்ட்ரல் போய்ச் சேரும்போது ஊசிப்போயிருந்தது. வெயில் நகரவில்லை, கடிகாரம் நகரவில்லை, ஆனால் சட்னி புளித்தது. மழித்துக்கொண்டு ஏறியவர்கள் முள்தாடியோடு இறங்கினார்கள். எஸ்தர்தான் ஒருநாள் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வெளிய நிக்கிறது நிக்கட்டும். நம்ம ஒடம்புக்கு இங்கயும் காலம் ஓடுது. இந்தப் பெட்டியில கூடுதலா உக்காந்த நேரத்தை நம்ம ஆயுசுலதான் கழிக்கிறாங்க." கேட்டவர்கள் தங்கள் நகத்தையும் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் பெண்கள் இட்லிக்குப் பதிலாகப் புளிச்சாதம் கட்டிக்கொண்டு வந்தார்கள். அவ்வளவுதான் மாறுதல்.

போட்டி சுற்று சுற்றாக நகர்ந்து, டிரேசிங் தாளின் கிளைகள் ஒவ்வொன்றாக அடைபட்டு, பங்குனியில் இறுதியாட்டம் வந்தது. தணிகாசலமும் அருளப்பனும் ஒரு பக்கம், ஜானகிராமனும் சையது இப்ராகிமும் ஒரு பக்கம். நாள் வெள்ளிக்கிழமை. தானே குறித்த நாள்தான், ஆனால் தணிகாசலம் அதை மாற்றிவிட நினைத்தார். அவர் மனைவி குமுதவல்லியின் மார்பில் ஒரு கட்டி. சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, இரண்டு பேரும் சேர்ந்து வரவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"வருஷம் பூரா நீங்கதான நடத்துனீங்க. நீங்களே தள்ளிவெச்சா நாலு பேர் என்னன்னு கேப்பாங்க, அவங்களுக்கு நான் பதில் சொல்லிட்டு இருக்கணும். அந்த வண்டியிலயே போலாம், நானும் வரேன்" என்றாள் குமுதவல்லி.

முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் அவள் அந்தப் பெட்டியில் ஏறியது அதுதான் முதல் தடவை. இருட்டோடு போய் இருட்டோடு வருகிற புருஷன். அந்த நடுவில் அவர் எங்கே இருக்கிறார் என்பது அவளுக்கு ஒரு பெயராக மட்டுமே தெரியும். பெண்கள் நகர்ந்து தணிகாசலத்துக்கு எதிரே, அருளப்பனுக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் இடம் கொடுத்தார்கள். அவள் மடியில் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் இருந்த மஞ்சள் பையை வைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்தாள். "நல்லா இருக்கே. ஒருநாளும் சொல்லலியே நீங்க" என்றாள்.

ஆட்டம் இழுபறி. ஆளுக்கு எட்டுச் சீட்டுப் போட்ட கடைசிக் கையில் ஏழு சுற்று முடிந்து, எட்டாவதில் மூன்று பேர் சீட்டைப் போட்டுவிட்டார்கள். தணிகாசலத்தின் கையில் மிச்சம் ஒரே சீட்டு, கிளாவர் ஒன்பது. துண்டின்மேல் கிடந்த எதுவும் அதைத் தாண்டாது. அதைப் போட்டால் சுற்று அவருக்கு, கை அவருக்கு, டிபன் கேரியர் அவருக்கு. அது ஒன்பதுதான் என்பது எண்ணத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். போட்டால் ஆவடி வரும். ஆவடிக்குப் பின்னால் சென்ட்ரல் வரும், அங்கிருந்து ஆஸ்பத்திரி, அங்கே ஒரு கவர்.

தணிகாசலம் போடவில்லை.

"என்ன சார்?" என்றார் ஜானகிராமன்.

"யோசிக்கிறேன்."

"ஒரே சீட்டுல யோசிக்க என்ன இருக்கு?"

"எவ்ளோ நேரம் யோசிக்கலாம்னு ரூல் இல்ல" என்றார் தணிகாசலம். உண்மைதான். பதினாலு விதிகளில் அது மட்டும் விட்டுப்போயிருந்தது. ஜானகிராமன் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை; திறக்க அவருக்குத்தான் முகம் ஏது?

அப்படியாக, ஒரே சீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தணிகாசலம் யோசிக்க ஆரம்பித்தார். பெட்டி முதல் மணிநேரத்தில் விஷயத்தைப் புரிந்துகொண்டது, குமுதவல்லியின் மஞ்சள் பையை எஸ்தர் ஒருமுறை பார்த்தாள், மற்றவர்களிடம் சொன்னாள், அதற்கப்புறம் யாரும் அவசரப்படுத்தவில்லை. இருந்த புளிச்சாதம் எல்லாருக்கும் ஒரு கை வந்தது. பேப்பர்கள் எல்லாம் ஜன்னல் வழியே போய் வெள்ளரியும் பனங்கிழங்கும் உள்ளே வந்தன. தூங்கினார்கள், எழுந்தார்கள், ஏழரை மணி வெயிலில் முகம் கழுவினார்கள், திரும்பத் தூங்கினார்கள். மூன்று தூக்கம் போயிற்று. தணிகாசலம் துண்டின் முனையைத் தொடைக்கடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார், எதிரே அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

பேசினார்கள். முதலில் கட்டிக்கொடுத்த பெண்ணின் மாமியாரைப் பற்றி, தண்ணீர் மோட்டாரைப் பற்றி, வழக்கமாக ராத்திரி சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவே பேசுகிற அந்தப் பத்து நிமிஷப் பேச்சு. அது தீர்ந்துபோனதும் இருவருக்குமே என்ன பேசுவதென்று தெரியவில்லை. அப்புறம் குமுதவல்லி, தனக்குப் பதினாறு வயதில் ஒரு நாய் இருந்ததையும் அது செத்தபோது வீட்டில் யாரும் அழாததால் தானும் அழாமல் இருந்ததையும் சொன்னாள். தணிகாசலம், தான் கட்ட வரைந்து கொடுத்த ஒரு பள்ளிக்கூடத்தில் படிக்கட்டைத் தப்பாக வரைந்துவிட்டு இருபது வருஷமாக அந்தத் தெருப்பக்கம் போகாமல் இருப்பதைச் சொன்னார். அருளப்பன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கேட்காத மாதிரி ஏரியைப் பார்த்தார். இவ்வளவு நல்லவளை எங்கே வைத்திருந்தோம் என்று தணிகாசலத்துக்குத் தோன்றியது. இப்படியே ஓடட்டும், ஆவடி எங்கேயாவது ஒழிந்துபோகட்டும் என்று தோன்றியது. இங்கே இருக்கும்வரை அவளுக்கு ஒன்றும் இல்லை.

இரண்டாவது தூக்கத்துக்குப் பிறகு எஸ்தர் அவர் பக்கத்தில் வந்து குனிந்தாள். "அண்ணா, நான் சொல்றேன்னு கோச்சுக்காதீங்க. இங்க தாடி வளருது, நகம் வளருது. கெட்ட கட்டியா இருந்தா அதுவும்தான் வளரும். வெளிய டாக்டர் மட்டும்தான் அசையாம நிக்கிறாரு."

தணிகாசலத்துக்கு அது தெரியாமலா இருந்தது? இட்லி ஊசிப்போன அன்றைக்கே தெரியும். தெரிந்தும், விரல் சீட்டை விடவில்லை. போட்டுவிடு என்று தனக்குத்தானே நூறு தடவை சொல்லிக்கொண்டார், சொல்லச் சொல்ல விரல் இறுகியது. தான் அவளைக் காப்பாற்றுகிறோமா, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறோமா என்று யோசித்தார். விடை தெரிந்ததால் மறுபடியும் யோசிக்க ஆரம்பித்தார்.

மூன்றாவது தூக்கத்திலிருந்து குமுதவல்லி எழுந்தாள். முடியை அள்ளி முடிந்தாள். மூன்று நாளாக அருளப்பனிடம் கேட்டுக் கேட்டு ஆட்டத்தை ஓரளவு பிடித்துவைத்திருந்தாள்.

"அது ஒம்போதுதான?" என்றாள்.

அவர் சீட்டை இன்னும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"என்னங்க, உங்களத்தான். எனக்குப் பயம் இல்லைன்னு நெனச்சீங்களா? இருக்கு. நெறையவே இருக்கு. அதுக்காகப் பயந்துக்கிட்டே எவ்ளோ நாளைக்கு வெள்ளரிக்கா தின்றது?" கையை நீட்டி அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சீட்டை எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள், துண்டின்மேல் வைத்தாள்.

வண்டி நிற்கவில்லை. ஏரி வந்தது, சூளை வந்தது.

ஜானகிராமன் தொண்டையைச் செருமினார். "மன்னிச்சுக்கங்கம்மா. நாலாவது ரூல். ஆட்டத்துல இல்லாதவங்க சீட்டைத் தொட்டாச் செல்லாது." சொல்லிவிட்டு, சொன்னதற்காகத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்ததை சையது இப்ராகிம் பார்த்தார்.

"அப்படியா. சரி" என்றாள் குமுதவல்லி. சீட்டை எடுத்துத் தணிகாசலத்தின் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "அப்போ நீங்கதான் போடணும். எனக்காக நான் போட முடியாதாம். போடுங்க. மூணு நாள் என் மூஞ்சியப் பார்த்துக்கிட்டு எதிர்ல உக்காந்திருந்தீங்க. இது கல்யாணத்துக்கு அடுத்த நாள்கூட நடக்கல. எனக்கு அது போதும். மிச்சத்தை வெளிய போய்ப் பாத்துக்கலாம்."

தணிகாசலம் அழுதார். பெட்டி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, மூன்று நாள் தாடியில் கண்ணீர் வழிய, வெட்கப்படாமல் அழுதார். அழுதுகொண்டே கிளாவர் ஒன்பதைத் துண்டின்மேல் போட்டார்.

ஆவடி வந்தது. மணி ஏழு முப்பத்தொன்று. கதவுக்கு வெளியே நின்றவர்கள் வழக்கம்போல முண்டியடித்து ஏறினார்கள். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் ஏன் மூன்று நாள் பசியோடு இருப்பவர்கள்போல இருக்கிறார்கள் என்று அவர்களுக்குப் புரியவில்லை. இறங்க வேண்டியவர்களில் ஒருவரும் இறங்கவில்லை. ஜானகிராமனும் இறங்கவில்லை, பாங்கு எங்கேயும் ஓடிப்போகாது என்றார். டிபன் கேரியரைப் பற்றி யாருக்கும் ஞாபகம் இல்லை.

வண்டி கிளம்பியதும், அருளப்பன் பழக்கத்தில் சீட்டை அள்ளி அடுக்கிக் கலைத்தார். அரையிறுதியில் தோற்ற இரண்டு ஜோடிகளும் அங்கேயே நின்றிருந்தார்கள். "தணிகாசலம் சார்," என்றார் அருளப்பன் மெதுவாக, எதிரே பார்க்காமல், "மூணாவது எடத்துக்கு ஒரு ஆட்டம் பாக்கி இருக்கு. சென்ட்ரல் வரதுக்குள்ள போடலாம். நீங்க சொன்னா போடலாம்."

பெட்டி முழுக்க அவரைப் பார்த்தது. போடுங்கள் என்று ஒரு வார்த்தை போதும். வில்லிவாக்கத்துக்கும் பெரம்பூருக்கும் நடுவே அந்த ஏரி திரும்ப வரும். அந்த நாலு ஆட்டக்காரர்களும் எத்தனை நாள் வேண்டுமானாலும் யோசித்துத் தருவார்கள், சந்தேகமே இல்லை. தணிகாசலம் குமுதவல்லியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. மஞ்சள் பையைத் திறந்து காகிதங்களைத் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கிய காகிதத்தையே திரும்ப எடுத்து அதே இடத்தில் வைத்தாள்.

அவர் எழுந்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, டிரேசிங் தாளில் மிச்சமிருந்த கடைசிக் கட்டத்தில், முதல்முறையாகக் கோடு கோணலாக விழ, இரண்டு ஜோடிகளின் பெயரையும் ஒன்றாக எழுதினார். "மூணாவது எடம் ரெண்டு ஜோடிக்கும். போட்டி முடிஞ்சுது" என்றார். சீட்டுக்கட்டை வாங்கி டப்பாவில் போட்டு மூடினார். துண்டை உதறி மடித்தார். பிறகு அருளப்பனை எழுப்பிவிட்டு, முப்பத்தொரு வருஷத்தில் முதல்முறையாக அந்த வண்டியில் தன் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அம்பத்தூர் வந்தது, வில்லிவாக்கம் வந்தது, பெரம்பூர் வந்தது. ஒவ்வொன்றும் வரவேண்டிய நேரத்தில் வந்தது.

"ரிப்போர்ட் குடுக்குற எடத்துல டோக்கன் போடணுமா?" என்று கேட்டாள் குமுதவல்லி.

"போடணும்."

"கூட்டம் இருக்குமா?"

"பத்து மணிக்கு இருக்கும்."

"அப்போ எறங்குனதும் சீக்கிரமா நடங்க. நீங்க எப்பவும் பின்னாடியே வருவீங்க" என்று சொல்லி, வண்டி நிற்பதற்கு முன்பே எழுந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள்.